நிறை குறைக்கத் தொடங்கி நடுவழியில் நிற்பவர்கள் என்ன செய்கிறீர்கள்? (மட்டக்களப்பு, அம்பாறை)

கல்லடியாள்
வணக்கம். வயது 41, டவுனில் அலுவலக வேலை, எந்நேரமும் கதிரைதான். வருடத் தொடக்கத்தில் கிளினிக்கில் இரத்தம் சோதித்துவிட்டு, சீனி எல்லையில் நிற்கிறது என்றார்கள். அம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் கால்விரல் எடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் யாரும் பயம் காட்டத் தேவையிருக்கவில்லை. அப்போது 82 கிலோ, இப்போது 75. விடியப் புதுப்பாலத்தில் நடை, இரவில் பாதிச் சாப்பாடு, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை.

ஒரு மாதத்துக்கு மேலாக அந்த 75 அசையவே இல்லை. செய்வதெல்லாம் முன்பு செய்ததுதான். போதாக்குறைக்கு, போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் ஆளாளுக்கு, "என்ன பிள்ளை இப்படி வத்திப்போனாய், சீனியா?" ஒரு மாமி கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப்போய், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். குண்டாக இருந்த காலத்தில் ஒருவரும் என் சுகம் விசாரித்ததில்லை!

எது சாப்பிடலாம், எது கூடாது என்று தயவுசெய்து பட்டியல் போடாதீர்கள். அது யூடியூபில் மலிந்து கிடக்கிறது. தொடங்கும்போது இருந்த உற்சாகம் போன பிறகு நீங்கள் எப்படித் தொடர்ந்தீர்கள்? அதுதான் எனக்கு வேண்டும்.

வட்டைக்காரன்
அக்கா, உன்னிச்சைப் பக்கம் வாங்க. வரம்பு கட்ட ஆள் கிடைக்குதில்லை. தராசு தன்பாட்டில் இறங்கும்.

கல்லடியாள்
சம்பளம் தருவீர்களா தம்பி?

வட்டைக்காரன்
மத்தியானச் சோறு தருவோம். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

வெள்ளைத் தொப்பி
நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளை, முதலில் ஒரு கணக்குச் சொல்கிறேன், பிறகு மனத்தைப் பற்றிக் கதைப்போம்.

அமெரிக்காவில் உங்களைப் போலச் சீனி எல்லையில் நின்ற 3,000க்கு மேற்பட்ட ஆட்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. அதில் ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்கு இரண்டே இரண்டு: நிறையில் 7 வீதம் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் உடலை அசைப்பது. ஏறத்தாழ மூன்று வருடம் கவனித்ததில், மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களை விட இந்தக் குழுவில் நீரிழிவு வந்தது 58 வீதம் குறைவு. சீனிக்குக் கொடுக்கும் மெற்போமின் குளிசை எடுத்த குழுவுக்கு அது 31 வீதம்தான்.

82இல் 7 போனால் எட்டரை வீதம். எதற்குப் பயந்து தொடங்கினீர்களோ அந்த வேலையில் பெரும்பங்கை உங்கள் உடம்பு ஏற்கெனவே செய்துவிட்டது. தராசு அதைச் சொல்லாது. அடுத்த இரத்தச் சோதனை சொல்லும், மறக்காமல் எடுங்கள்.

75 ஏன் நிற்கிறது? 82 கிலோவைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறி இறங்கியதற்கும் 75ஐத் தூக்கிக்கொண்டு அதே பாலத்தில் நடப்பதற்கும் செலவு ஒன்றல்ல. சிறிய உடம்புக்குச் சாப்பாடும் குறைவாகத்தான் தேவை. முன்பு உங்களைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது உங்களைத் தாங்கிப் பிடிக்கிறது. அதோடு, தொடங்கிய கிழமைகளில் மளமளவென்று இறங்கியதில் நல்ல பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து தன்னைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து போகும். அந்த வேகத்தைக் கடைசி வரை எதிர்பார்த்தால் மனம் உடையத்தான் செய்யும். கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல குறைவு.

இன்னொன்று. இரவு கருவாட்டுக் கறி சாப்பிட்டுவிட்டு விடிய நிறை பார்த்தால் உப்பு பிடித்த தண்ணீர்தான் தெரியும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் அப்படித்தான். கிழமைக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், சாப்பிட முன் பாருங்கள், போதும். தையல் நாடா ஒன்றால் இடுப்பையும் அளவுங்கள். நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90, அதற்குள் இருந்தால் நல்லது. நிறை நிற்கும் மாதத்திலும் நாடா இறங்கிக்கொண்டிருக்கலாம்.

மொட்டைமாடி
கல்லடியாள் தாத்தா (எங்கள் பக்கம் அக்காவைத் தாத்தா என்போம்), நான் காத்தான்குடி. எங்கள் ஒழுங்கையில் பெண் பிள்ளை விடிய நடக்கப் போனால் முதல் நாள் பார்ப்பார்கள், இரண்டாம் நாள் கதைப்பார்கள், மூன்றாம் நாள் உம்மாவுக்குக் கோல் வரும். அதனால் மொட்டை மாடியில்தான் நடை. தண்ணீர்த் தாங்கியைச் சுற்றிச் சுற்றி. சலிப்பு என்றால் சொல்லி முடியாத சலிப்பு. ஆனால் வெயில் ஏற முன், பெரியவர்கள் தூக்கத்தில் இருக்கும்போது, யாருடைய வாயிலும் விழாமல் நடக்கக் கிடைப்பது அந்த நேரம்தான். பக்கத்து வீட்டு மச்சாள் அவர்கள் மாடியில் நடப்பார். இரண்டு மாடிக்கும் நடுவில் ஒரு மாமரம். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் மாங்கொட்டை எறிவோம்.

மனம் விடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். என்னுடைய அனுபவத்தில் மனம் விடுவது நோன்பு மாதத்தில். நோன்பென்றால் நிறை குறையும் என்று வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் கூடும். இப்தாருக்குக் கஞ்சி, சமூசா, கட்லட், சர்பத், பிறகு இரவுச் சாப்பாடு, பிறகு விடிய முன் ஸஹர் சாப்பாடு. பெருநாளைக்கு வட்டிலப்பம். இரண்டு வருடம் அந்த மாதத்திலேயே கைவிட்டேன். இப்போது நோன்பு மாதத்தில் குறைக்கவே பார்ப்பதில்லை. இருக்கும் நிறையைக் கூட்டாமல் பிடித்துக்கொண்டு பெருநாள் கழித்தால் அந்த மாதம் எனக்கு வெற்றி. சமூசா ஒன்று, சர்பத்துக்குப் பதில் குரும்பை, தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம் மாடி.

வெள்ளைத் தொப்பி
நல்ல யோசனை மகள். ஒரு எச்சரிக்கை மட்டும்: சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் நோன்பு பிடிப்பதையும் சாப்பாட்டை ஒரேயடியாக வெட்டுவதையும் கிளினிக்கில் சொல்லாமல் செய்யக்கூடாது. சீனி கூடுவதை விடத் திடீரென்று இறங்குவது ஆபத்து.

ஸ்லிம்_கிழக்கு
[இந்தப் பதிவு நீக்கப்பட்டது.]

மட்டுறுத்துநர்
"10 நாளில் 8 கிலோ" கோப்பித் தூள் விளம்பரம் நீக்கப்பட்டது. இந்தக் கிழமையில் இது முதல்தரம் அல்ல. தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தவர்கள் யாராவது இருந்தால், வாங்க முன் பொதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் எழுதியிராது.

தோஹா_மச்சான்
நான் அக்கரைப்பற்று, இப்போது கத்தாரில். எல்லோரும் மனம் மனம் என்கிறீர்கள். சோற்றை நிறுத்துங்கள், மனம் தானாக வரும். நான் கீட்டோவில், அதாவது சோறு, மா, சீனி இல்லாத சாப்பாட்டில், ஐந்து மாதத்தில் 14 கிலோ குறைத்தேன். பசியே இல்லை. நம் ஊர்ச் சனத்துக்குச் சோறுதான் வியாதி.

வட்டைக்காரன்
மச்சான், அம்பாறை மாவட்டத்தில் பிறந்துகொண்டு இதைச் சொல்ல உங்களுக்கு வாய் கூசவில்லையா? கல்லோயா நீர்ப்பாசனத் திட்டமும் சேனநாயக்க சமுத்திரக் குளமும் எதற்குக் கட்டினார்கள், முட்டை பொரிக்கவா?

சிரிப்புக்குச் சொன்னேன், ஆனால் விசயம் இருக்கிறது. என் வாப்பாவும் உங்கள் வாப்பாவும் மூன்று வேளையும் சோறுதான். விடியப் பழஞ்சோறு. ஒருவருக்கும் தொந்தி இல்லை. அவர்கள் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தார்கள். எனக்கு இப்போது உழவுக்கு மெசின், வெட்டுக்கு மெசின், வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள். சோறு மட்டும் வாப்பாவின் அளவு. மாறியது சோறா, நானா?

தோஹா_மச்சான்
அதைத்தான் நானும் சொல்கிறேன், மெசின் வந்துவிட்டது, அப்போ சோறு போகட்டும்.

வெள்ளைத் தொப்பி
சண்டை வேண்டாம். தம்பி தோஹா, உங்களுக்கு ஒத்துவந்தது, சந்தோசம். தனி அறையில், ஒருவருக்குச் சமைக்கும் இடத்தில் அது நடக்கும். ஐந்து பேருக்குச் சமைத்து, எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, தான் மட்டும் முட்டையோடு மூலையில் இருக்கும் பெண் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பாள்? ஊருக்கு லீவில் வந்து ஒரு மாதம் உம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரி. சிவப்பரிசியாக இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை, தவிடு இருப்பதால் வயிறு நிறைந்த உணர்வு நீளும், அவ்வளவுதான். "நான் சிவப்பரிசிதானே" என்று இரண்டு அகப்பை கூடப் போட்டால் லாபமில்லை. ஒரு அகப்பையைக் குறைத்து அந்த இடத்தில் கீரைச் சுண்டலும் மீனும் வைத்தால் அது கடைசி வரை நடக்கும். நம்மிடம் இல்லாத மீனா?

சோற்றைத் திட்டுகிறவர்கள் தேத்தண்ணியைப் பார்ப்பதில்லை. ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு நான்கு கோப்பை என்றால் பன்னிரண்டு கரண்டி. அது ஐம்பது கிராமுக்குக் கிட்ட, இருநூறு கலோரி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஆறு கரண்டிக்குள் இருப்பது நல்லது என்கிறது. கல்லடியாள் இதை ஏற்கெனவே நிறுத்திவிட்டார். அதைத்தான் நான் பெரிய விசயம் என்பேன், பால நடையை விட.

வெண்கட்டி
நான் களுவாஞ்சிகுடிப் பக்கம், ஆசிரியன். கேள்விக்கு வருகிறேன்.

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள். அதை நம்பித் தொடங்கியவர்கள்தான் 22ஆம் நாள் கட்டிலில் கிடந்து, "எனக்கு மட்டும் வரவில்லையே" என்று கவலைப்படுகிறார்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேரை வைத்துப் பார்த்து 2010இல் வெளியிட்டது. ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலம் நடுத்தரமாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல், 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகிறது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படியும், உடற்பயிற்சி மெதுவாகத்தான் படியும். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: இடையில் ஒரு நாள் தவறினால் அது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

நம் ஆட்கள் விரதம் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் கொத்து ரொட்டி தின்றால் விரதம் முறிந்தது, சரி, இனி அடுத்த தைப்பொங்கலுக்குப் பார்ப்போம். கந்தசஷ்டிக்கு அது சரி. இதற்குச் சரிவராது. கொத்து தின்ற மறுநாள் வழமையான சாப்பாடு, வழமையான நடை. பட்டினி கிடந்து ஈடுகட்டவும் வேண்டாம்.

உற்சாகம் வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பள்ளிக்கூடம் போக நான் ஒரு நாளும் உற்சாகத்துக்குக் காத்திருந்ததில்லை. மணி அடிக்கிறது, போகிறேன்.

வெற்றிலைக்கொழுந்து
சேர் சொல்வது புத்தகத்தில் சரி. எனக்கு மணி அடிக்க யாரும் இல்லையே? பள்ளிக்கூடத்துக்குப் போகாவிட்டால் அதிபர் கேட்பார், சம்பளம் வெட்டுவார்கள். நடக்காவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

உகந்தை வழி
அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நான் திருக்கோவில்.

எங்கள் அம்மாவுக்கு 63 வயது. சந்திக்கடைக்கு ஓட்டோ வேண்டும் என்பவர். ஆனால் வருடா வருடம் கதிர்காமப் பாதயாத்திரை விடமாட்டார். உகந்தையில் காட்டுப்பாதை திறந்ததும் குமுக்கனாற்றைக் கடந்து, யால காட்டுக்குள்ளால், வெயிலில், தலையில் அரிசி பருப்பு மூட்டையோடு நடக்கிறார். முழங்கால் நோகாதா என்று கேட்டால், "அங்கே நோகாது" என்பார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வருடம் கூடவே போனேன்.

பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பக்தியோடு வேறும் சில இருந்தன. திகதி குறித்தாகிவிட்டது, மாற்ற முடியாது. கூட்டம் எழும்பும் நேரத்தில் எழும்பியாக வேண்டும், காட்டில் தனியாக நிற்க முடியாது. "நான் களைத்துவிட்டேன்" என்று சொன்னால் மூட்டையை வாங்கப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். அவ்வளவு தூரமும் அம்மாவிடம் ஒருவரும் "மெலிந்துபோனாய்" என்று சொல்லவில்லை, "அரோகரா" என்றுதான் சொன்னார்கள்.

வந்த பிறகு என்ன நடந்தது? மெலிந்துதான் வந்தார். பிறகு அடுத்த ஆடி வரைக்கும் கதிரை, தொலைக்காட்சி, ஓட்டோ. ஆவணி முடிய முன்பே போனதெல்லாம் திரும்பிவிட்டது. ஒரு திகதியை மட்டும் பிடித்துக்கொண்டால் அந்தத் திகதி போன மறுநாள் ஒன்றும் மிஞ்சாது.

இப்போது யாத்திரைக்குப் போன பெண்களில் எங்கள் பக்கத்தில் இருக்கும் ஏழெட்டுப் பேர் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் திருக்கோவில் கோயிலுக்கு நடந்து போய் வருகிறார்கள். இப்போது அதைச் செவ்வாயும் ஆக்கியிருக்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் வீட்டுப் படலையில் நின்று கூப்பிடுவார்கள், ஊருக்கே கேட்கும். வெற்றிலைக்கொழுந்து கேட்ட மணி அதுதான்.

வெற்றிலைக்கொழுந்து
படலையில் நின்று கூப்பிட்டால் நான் வருவேன், மானம் போய்விடும் என்றாவது. 🙂

கல்லடியாள்
எல்லோருக்கும் நன்றி. வெள்ளைத் தொப்பி அக்காவின் எட்டரை வீதக் கணக்கைத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். கணவர் வாசித்துவிட்டு, "அப்போ இனிக் காணும்தானே, நிறுத்தலாமே" என்றார். அவருக்கு இரவில் பிட்டும் பாலும் பழையபடி வேண்டுமாம்.

மாரி வரப்போகிறது. நவம்பரில் பாலத்தில் காற்றும் மழையும், குடை மடிந்துவிடும். போன வருடம் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம். அந்த மூன்று மாதமும் என்ன செய்வது? எனக்கு இப்போது உண்மையான பயம் அதுதான், 75 அல்ல.

வெண்கட்டி
மழை வந்த பிறகு யோசித்தால் போர்வைதான் வெல்லும். இப்போதே முடிவெடுத்து வையுங்கள்: விடிய எழும்பும்போது மழை என்றால் இன்ன இடத்தில் இன்ன பயிற்சி. யோசனைக்கு இடம் விடக்கூடாது.

வெள்ளைத் தொப்பி
மாரியை நான் நல்ல காலம் என்பேன். நடை மட்டும் செய்கிறவர்கள் தசையைக் கவனிப்பதில்லை. சாப்பாட்டைக் குறைத்து நிறை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் போகும், அதைத் தடுக்க வலுப் பயிற்சி வேண்டும். கிழமைக்கு இரண்டு நாளாவது செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலிலும் இருக்கிறது. ஜிம் வேண்டாம். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பித் திரும்ப உட்கார வேண்டும், பத்துத் தரம், ஓய்வு, திரும்பப் பத்து. சுவரில் கை வைத்துத் தள்ளல். இரண்டு ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பித் தோளுக்கு மேல் தூக்கல். மழைச் சத்தத்தில் நீங்கள் மூச்சு வாங்குவது யாருக்கும் கேட்காது.

கணவருக்கு: பிட்டு இருக்கட்டும், தேங்காய்ப்பூவைப் பாதியாக்குங்கள். அவருக்கு விளங்காது.

மொட்டைமாடி
அந்த "வத்திப்போனாய்" கதைக்கும் ஒரு மருந்து வைத்திருக்கிறேன் தாத்தா. "சீனியா?" என்று கேட்டால், "ஓம் மாமி, வராமல் இருக்கத்தான். நீங்கள் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறேன். பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். ஒரு மாமி உண்மையிலேயே போய்ச் சோதித்துப் பார்த்தார், அவருக்கு இருந்தது. இப்போது எங்கள் மாமரத்தின் மூன்றாவது பக்கத்தில் அவர்.

பழுகாமத்தான்
பிந்தி வருகிறேன், மன்னிக்கவும். வயது 55, 96 கிலோ, இரண்டு முழங்காலும் தேய்வு என்று எக்ஸ்ரேயில் சொன்னார்கள். நடக்கச் சொல்கிறீர்கள், நடந்தால் அன்றிரவு தூக்கமில்லை. நான் என்ன செய்வது? ஒன்றும் செய்யாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

வெள்ளைத் தொப்பி
தம்பி, முதலில் எலும்பு டொக்டரிடம் எந்தப் பயிற்சி செய்யலாம் என்று கேட்டுவிடுங்கள். பொதுவாக நிறை முழங்காலில் விழாத பயிற்சிதான் உங்களுக்கு. உங்கள் படுவான்கரைப் பக்கம் சமதரை, சைக்கிள் நல்லது, இருக்கையைக் கொஞ்சம் உயர்த்தி ஓடுங்கள், முழங்கால் அதிகம் மடியாது. கதிரையில் இருந்தபடி காலை நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடிப்பது தொடைத் தசைக்கு. இன்னொன்று தண்ணீருக்குள் நடப்பது. இடுப்பளவு தண்ணீரில் உடம்பு பாதிப் பாரம்தான். பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லை, அலையும் குறைவு. ஆனால் கல்லடிக் கடலில் இதைச் செய்து பார்க்கப் போகாதீர்கள், இழுத்துக்கொண்டு போய்விடும். பாசிக்குடாவிலும் மாரியில் வேண்டாம்.

பழுகாமத்தான்
பழுகாமத்திலிருந்து பாசிக்குடா கிட்டடி இல்லையே அக்கா. சைக்கிளைப் பார்க்கிறேன். மகனுடைய பழைய சைக்கிள் விறாந்தையில் கிடக்கிறது, ரியூப் போயிருக்கும்.

வட்டைக்காரன்
ஐயா, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாழைச்சேனைக்கு நெல் லொறி கொண்டு போகிறேன், மண்முனைப் பாலத்தால் வந்து டவுன் வழி. முன் சீற்றில் ஒருவருக்கு இடம் இருக்கிறது. மழைக்கு முன் இரண்டு மூன்று கிழமை கிடைக்கும். வருவதென்றால் தனிமடலில் சொல்லுங்கள், விடிய ஐந்தரைக்கு.

பழுகாமத்தான்
வருகிறேன் தம்பி. மத்தியானச் சோறு வேண்டாம்.